ஓடக் கற்றோம்; நிற்கவும் கற்றோம்

சென்ற ஜூலைத் திங்களில் ஒரு நாள் மாலை. கடைசிப் பாடவேளை. மழை வருமோ வராதோ என்று வானம் யோசித்துக் கொண்டிருந்தது. இயற்பியல் வகுப்பில் பாதிப்பேர் கொட்டாவியை அடக்கிக் கொண்டிருந்தோம். அப்போதுதான் சிஸ்டர் அந்த அறிவிப்பை வெளியிட்டார்கள்.

"ஜனவரியில் அறிவியல் கண்காட்சி. ஐந்து ஐந்து பேராகச் சேர்ந்து ஒரு பொருள் செய்ய வேண்டும். சோடா உப்பும் வினிகரும் ஊற்றிப் பொங்கும் எரிமலையை இனி ஒரு தடவை பார்த்தால் நானே பொங்கி விடுவேன்!"

வகுப்பே சிரித்தது. கொட்டாவிகள் பறந்தன. அன்று மாலையே நாங்கள் ஐவரும் லூர்து மாதா கெபியின் முன்னால் உள்ள திண்ணையில் கூடினோம்.

நாங்கள் ஐவர் யார் என்று கேட்கிறீர்களா? பெயர்கள் வேண்டாம், பட்டங்களே போதும். எண்களைக் கண்டால் பாயும் 'கணக்குப்புலி' ஒருத்தி. இருசக்கர வண்டி பழுதுபார்க்கும் பட்டறைக்காரரின் செல்ல மகளாகிய 'மெக்கானிக்' ஒருத்தி. எதைக் கேட்டாலும் எங்கோ படித்ததாகச் சொல்லும் 'நூலகம்' ஒருத்தி. கையில் எப்போதும் வண்ணம் ஒட்டியிருக்கும் 'ஓவியர்' ஒருத்தி. கடைசியாக எங்கள் 'சிட்டு'. எடை 38 கிலோ. கோயில் பாடற்குழுவில் கீபோர்டு வாசிப்பவள். அவள் அம்மா முந்திரி ஆலைக்குப் போகிறவர். எங்கள் பக்கத்தில் அதை 'அண்டி ஆபீஸ்' என்பார்கள். இந்தக் கட்டுரையை எழுதுவது ஐந்து பேரும் சேர்ந்துதான். ஆகவே தவறு எதுவாயினும் ஐவரையும் சாரும்!

"மின்சாரத்தில் ஓடும் ஸ்கேட்போர்டு செய்வோமா?" என்று முதலில் கேட்டது நூலகம். நான்கு சக்கரம் பூட்டிய பலகை. ஏறி நின்றால் கூட்டிக்கொண்டு ஓடும். அதன் வரலாற்றையும் அவளே ஒப்பித்தாள். 1950களில் அமெரிக்காவின் கலிபோர்னியாக் கடற்கரையில் அலைச்சறுக்கு விளையாடிய இளைஞர்கள், அலையில்லாத நாட்களில் பொழுது போகாமல் பலகையில் சக்கரம் பூட்டித் தெருவில் சறுக்கினார்களாம். உலோகச் சக்கரமும் களிமண் கலவைச் சக்கரமும் சிறு கல் தடுக்கினாலே ஆளைக் கவிழ்த்தன. 1970களின் தொடக்கத்தில் ஃபிராங்க் நாஸ்வொர்த்தி என்பவர் பாலியூரித்தேன் என்னும் மென்மையான பொருளில் சக்கரம் கொண்டுவந்த பிறகே அந்த விளையாட்டு ஊன்றி நின்றது. 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் ஸ்கேட்போர்டு முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது. மகளிர் தெருப்பிரிவில் தங்கம் வென்ற ஜப்பானியப் பெண் மோமிஜி நிஷியாவுக்கு அப்போது வயது 13!

"நம்ம ஊர்ப் பிள்ளைகளும் உண்டு" என்றாள் ஓவியர். மாமல்லபுரத்துச் சிறுமி கமலியைப் பற்றிய 'கமலி' என்னும் குறும்படம் 2020இல் பிரிட்டனின் பாஃப்டா விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டதை அவள் நினைவூட்டினாள். பிறகு நூலகம் ஓர் எண்ணைச் சொன்னாள். 2015ஆம் ஆண்டில் சுலோவேனியா நாட்டில் மிஷோ எர்பன் என்பவர் மின்பலகையில் நின்றபடி மணிக்கு 95.83 கிலோமீட்டர் வேகத்தில் சென்று கின்னஸ் ஏட்டில் இடம்பெற்றார்.

தொண்ணூற்றைந்து! அந்த எண் எங்கள் காதுக்குள் புகுந்து உட்கார்ந்து கொண்டது. பின்னால் நேர்ந்தவற்றுக்கெல்லாம் வித்து அதுதான்.

கையில் காசு இல்லை. ஆனாலும் நல்ல மனிதர்களுக்குப் பஞ்சமில்லை. எங்கள் பள்ளியின் பழைய மாணவி ஒருவர் இப்போது கோயம்புத்தூரில் மின்மோட்டார்த் துறையில் பொறியாளர். சிஸ்டர் தொலைபேசியில் சொன்னதும், அக்கா தம்மிடம் இருந்த ஒரு மோட்டாரையும் அதை ஆட்டுவிக்கும் கட்டுப்பாட்டுப் பலகையையும் கையில் பிடிக்கும் ரிமோட்டையும் பார்சலில் அனுப்பி வைத்தார்கள். அந்தக் கட்டுப்பாட்டுப் பலகைக்கு 'வெஸ்க்' என்று பெயர். சுவீடன் நாட்டுப் பொறியாளர் பெஞ்சமின் வெடர் வடிவமைத்து, அதன் வரைபடத்தையும் நிரலையும் எவரும் பார்த்துக் கற்கும்படி திறந்து வைத்தாராம். தம் கல்வியைப் பூட்டி வைக்காத அந்த முகம் தெரியாத மனிதரை எங்கள் இரவுச் செபத்தில் ஒருநாள் நினைத்துக் கொண்டோம்.

பலகைக்குப் பக்கத்துத் தெரு ஆசாரித் தாத்தா வழி சொன்னார். "ஒத்தப் பலகை ஒடிஞ்சு போவும் மக்களே. மெல்லிசா மூணு ஒட்டுப்பலகைய ஒண்ணுமேல ஒண்ணு பசை தடவி ஒட்டு. நடுவுல கொஞ்சம் வளைவு விட்டு, மேல பாரம் ஏத்தி வை." நான்கு மில்லிமீட்டர்ப் பலகைகள் மூன்றை ஒட்டினோம். பாரத்துக்கு என்ன செய்வது? மெக்கானிக் வீட்டு அம்மிக்கல், கணக்குப்புலி வீட்டு ஆட்டுக்கல், தாத்தா வீட்டுச் செங்கல் எல்லாம் இரண்டு நாள் அதன்மேல் தவம் கிடந்தன. கணக்குப்புலியின் அம்மா அந்த இரண்டு நாளும் தோசைக்கு அரைக்க முடியாமல் எங்களைத் திட்டிய திட்டை இங்கே அச்சிட முடியாது. மூன்றாம் நாள் கற்களை இறக்கினால், வில் போல அழகாய் வளைந்த 96 சென்டிமீட்டர்ப் பலகை! ஓவியர் அதன் அடிப்பக்கத்தில் ஒரு சிட்டுக்குருவியை வரைந்தாள்.

மின்கலம்தான் கடினமான பகுதி. மடிக்கணினிகளிலும் மின்வண்டிகளிலும் பயன்படும் உருளை வடிவ லித்தியம் அயனிக் கலங்கள் 30 வாங்கினோம். அவற்றின் பெயரே 18650. விட்டம் 18 மில்லிமீட்டர், நீளம் 65 மில்லிமீட்டர் என்பதால் அப்படி ஓர் எண்பெயர். மூன்று மூன்றாக இணைத்து, அந்தப் பத்துத் தொகுதிகளையும் தொடராகப் பூட்டினால் 36 வோல்ட். முழுக்க மின்னேற்றினால் 42 வோல்ட். இந்த வகைக் கலத்துக்கு வழிகோலிய மூவருக்கு 2019இல் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. அவருள் ஜான் குடினஃபுக்கு அப்போது வயது 97! "தேர்வில் தோற்றால் மனம் உடையாதீர்கள், இன்னும் எண்பது ஆண்டு இருக்கிறது" என்று சிஸ்டர் சொன்னதும் வகுப்பில் எழுந்த சிரிப்பை மறக்க முடியாது.

கலங்களை நேரடியாகப் பற்றவைத்தால் சூட்டில் கெட்டுவிடும். ஆகவே மின்வண்டிப் பட்டறை அண்ணன் ஒருவர் நிக்கல் பட்டைகளை நொடிப்பொழுதில் ஒட்டும் கருவியால் இணைத்துத் தந்தார். அவர் வேலை செய்கையில் மணல் நிரம்பிய வாளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றோம். கலங்கள் அளவுக்கு மீறி நிரம்பாமலும் வற்றாமலும் பார்த்துக்கொள்ள ஒரு காவல் பலகையும் பூட்டப்பட்டது. அளவு மீறினால் அது மின்சாரத்தையே துண்டித்துவிடும். "வீட்டு ஃபியூஸ் மாதிரி" என்று நாங்கள் சுலபமாகப் புரிந்துகொண்டோம். அந்தச் சுலபத்துக்குக் கொடுத்த விலையைப் பிறகு சொல்கிறோம்.

கணக்குப்புலி நான்கு பக்கம் கணக்குப் போட்டாள். மோட்டார் ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் 190 சுற்றுச் சுற்றும். 36 வோல்ட்டில் 6840 சுற்று. மோட்டாரின் பற்சக்கரத்தில் 15 பல். பலகைச் சக்கரத்தில் 36 பல். ஆகவே வேகம் 2.4 பங்காகக் குறைந்து நிமிடத்துக்கு 2850 சுற்று. சக்கரத்தின் விட்டம் 90 மில்லிமீட்டர். ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 28 சென்டிமீட்டர் உருளும். கூட்டிப் பெருக்கினால் மணிக்கு 48 கிலோமீட்டர்! உராய்வும் காற்றும் தின்றதுபோக 40 கிடைக்கும் என்று கணக்கு முடிந்தது.

சிஸ்டர் அந்த நான்கு பக்கங்களையும் நிதானமாகப் படித்தார்கள். மூன்று நிபந்தனைகள் விதித்தார்கள். நான் இல்லாமல் பலகையில் யாரும் ஏறக் கூடாது. வேகம் 20க்கு மேல் போகக் கூடாது. துப்பட்டாவும் பின்னலும் வார்ப்பட்டையில் சிக்காதபடி மூடி போட வேண்டும். மூன்றாவதை உடனே நிறைவேற்றினோம். பழைய பிஸ்கட் டப்பா ஒன்று அழகிய மூடியாயிற்று. 20க்கு மேல் போகாதபடி ஆய்வகக் கணினியில் சிஸ்டரே எல்லை குறித்தார்கள். பிறகு ஆய்வக அலமாரியின் சாவியை எங்கள் கையில் தந்தார்கள். "நம்பித் தருகிறேன்" என்று மட்டும் சொன்னார்கள்.

நவம்பரில் முதல் ஓட்டம். மெக்கானிக்கின் அப்பா தந்த தலைக்கவசத்தோடு, முழங்காலுக்கும் முழங்கைக்கும் பஞ்சு கட்டிக்கொண்டு, சிட்டு ஏறி நின்றாள். முன்காலில் எடையை ஊன்றி ரிமோட்டின் சக்கரத்தை மெல்ல உருட்டினாள். ஓசையே இல்லை! மைதானத்தின் குறுக்கே மிதப்பதுபோல் போனாள். சுண்ணாம்பால் குறித்த 20 மீட்டரை 3.6 நொடியில் கடந்தாள். மணிக்குச் சரியாக 20 கிலோமீட்டர். ரிமோட்டைப் பின்னால் உருட்டியதும் மோட்டாரே பிரேக்காகி நின்றது. ஓட்டத்தின் ஆற்றல் வீணாகாமல் மின்சாரமாகி மறுபடி கலத்துக்குள் போகிறது என்று சிஸ்டர் விளக்கினார்கள். விடுதிப் பிள்ளைகள் சன்னலில் தொங்கிக்கொண்டு கைதட்டினார்கள். அன்று எங்கள் கால் தரையில் பாவவில்லை.

இரண்டு வாரத்தில் 20 எங்களுக்குச் சலித்துவிட்டது. அந்தத் தொண்ணூற்றைந்து காதுக்குள் சிணுங்கிற்று. "நாற்பது போகும் பலகையை இருபதில் காட்டினால் யார் வியப்பார்கள்?" என்று எங்களுக்குள் பேச்சு. ஒரு வெள்ளிக்கிழமை மாலை சிஸ்டர் செபமாலைக்குச் சென்றிருந்த நேரத்தில், ஆய்வகக் கணினியில் 20ஐ அழித்து 40 என்று எழுதினோம். யார் விரல் பொத்தானை அழுத்தியது என்பதை நாங்கள் இதுவரை எவரிடமும் சொன்னதில்லை. ஐந்து பேரும் அந்த நாற்காலியைச் சுற்றி நின்றோம், அது போதும்.

முழுக்க மின்னேற்றிய பலகையை மைதானத்துக்குக் கொண்டுபோய் ஒரே ஒரு தடவை ஓட்டிப் பார்த்தோம். பறந்தது! நிறுத்தும்போது மட்டும் ஒரு விந்தை. பிரேக் பிடித்ததும் பலகையின் விளக்கு அணைந்தது. ஒரு நொடி பிரேக்கே இல்லை. பிறகு விளக்கு தானாக எரிந்தது. மைதானம் சமதளம் என்பதால் பலகை உருண்டுபோய்ப் புல்லில் நின்றது.

"லூஸ் ஒயர்" என்று தீர்ப்புச் சொன்னோம். இரண்டு ஒயரை அழுத்தி, கறுப்பு நாடாவைச் சுற்றினோம். சிஸ்டரிடம் சொல்லலாமா என்ற கேள்வி எழாமல் இல்லை. சொன்னால் 40 வெளியே வந்துவிடும். ஆகவே சொல்லவில்லை.

மறுநாள் சனிக்கிழமை. சிஸ்டர் ஒரு கூட்டத்துக்காக நகருக்குப் போயிருந்தார்கள். சிறப்பு வகுப்பு நடக்கும் நேரத்தில் கலத்தை மீண்டும் நிறைய மின்னேற்றி வைத்திருந்தோம். பதினொரு மணிக்குப் பலகையைப் பள்ளி வாயிலுக்குக் கொண்டு போனோம். அங்கிருந்து மைதானம் வரைக்கும் 120 மீட்டர் நீளச் சிமெண்டுச் சரிவு. அடிவாரத்தில் கெபி.

சிட்டு ஏறினாள். பத்து மீட்டர், இருபது மீட்டர், ஐம்பது மீட்டர். வேகம் கூடியது. "பிரேக்!" என்று கத்தினோம். அவளும் பிடித்தாள். முந்தைய நாள் போலவே விளக்கு அணைந்தது. இந்த முறை அது சரிவு. பலகை நிற்கவில்லை, இன்னும் விரைந்தது. முன்சக்கரங்கள் இடமும் வலமும் உதறத் தொடங்கின. கெபியின் கருங்கல் படி நேராக வந்துகொண்டிருந்தது. அவள் பலகையை விட்டுப் புல்பக்கம் பாய்ந்தாள். இடது கையை ஊன்றி விழுந்து, இரண்டு தடவை உருண்டு, கிடந்தாள்.

ஓடிப் போய்ப் பார்த்தால் கண் திறந்திருந்தது. "பலகைக்கு ஒண்ணும் ஆகலையே?" என்றுதான் முதலில் கேட்டாள். இடது மணிக்கட்டு வீங்கிக்கொண்டிருந்தது.

இனி எழுதப் போவதுதான் எங்களுக்கு வெட்கம். பலகையைத் தூக்கி அரங்க மேடையின் அடியில் ஒளித்தோம். அதற்குப் பிறகுதான் விடுதிச் சிஸ்டரைக் கூப்பிட்டோம். "படியில் வழுக்கி விழுந்துவிட்டாள்" என்றோம். சிட்டுவும் தலையசைத்தாள். சிஸ்டர் ஒரு வார்த்தை குறுக்கே கேட்கவில்லை. உடனே நம்பி, வேனில் ஏற்றி மருத்துவமனைக்குக் கூட்டிப் போனார்கள். எலும்பில் முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு. கிறிஸ்துமஸ் இரவுத் திருப்பலிக்கு மூன்று வாரமே இருந்தது. அந்த இரவில் கீபோர்டு வாசிக்கப் பாடற்குழுவில் அவளை விட்டால் அப்போது வேறு ஆள் இல்லை.

ஞாயிறு முழுதும் நாங்கள் யாரும் ஒருவரை ஒருவர் நேராகப் பார்க்கவில்லை. பூசையில் 'என் பாவமே' என்று மார்பில் தட்டிக்கொண்டபோது கை கனத்தது.

திங்கட்கிழமை காலை சிட்டுவின் அம்மா பள்ளிக்கு வந்தார்கள். வேலைக்குப் போகவில்லை, ஒரு நாள் கூலி போயிற்று. தாழ்வாரத்தில் தலைமையாசிரியைச் சிஸ்டரையும் எங்கள் இயற்பியல் சிஸ்டரையும் கண்டு கைகூப்பினார்கள். நாங்கள் தூணோரம் நின்றோம்.

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனதுக்கு ரொம்ப நன்றி சிஸ்டர். பிள்ளைக்கு உடம்புல தெம்பு இல்ல. காலம்பற வெறும் சாயா குடிச்சிட்டு ஓடியாந்திருவா. நான் வேலைக்குப் போற அவசரத்துல நின்னு பாக்கதில்ல. தல சுத்தித்தான் படியில விழுந்திருப்பா. எல்லாம் என் குத்தம்தான் சிஸ்டர்."

முந்திரித் தோட்டின் எண்ணெய் பட்டுக் கறுத்த விரல்களால் அவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

அதற்கு மேல் எங்களால் நிற்க முடியவில்லை. எல்லாரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினோம். ஒருத்தி சொல்வது ஒருத்திக்குப் புரியவில்லை. அழுகையும் தும்மலுமாக, நாற்பது, சாவி, விளக்கு, கெபி, மேடை என்று துண்டு துண்டாய் எல்லாம் வெளியே விழுந்தது. கட்டுப்போட்ட கையோடு சிட்டு, "அம்மா, நான் நல்லாச் சாப்பிட்டுட்டுத்தான் வந்தேன்" என்றாள்.

சிஸ்டர் எதுவும் பேசாமல் மேடையடியிலிருந்து பலகையையும் தலைக்கவசத்தையும் கொண்டுவரச் சொன்னார்கள். கவசத்தின் இடப்பக்கத்தில் சாண் நீளக் கீறல். அந்தக் கீறலின் மேல் விரலை மெல்ல ஓட்டிப் பார்த்தார்கள். அவர்கள் முகம் வெளுத்துப் போனதை அன்றுதான் கண்டோம்.

"விழுந்ததற்குத் தண்டனை இல்லை" என்றார்கள். "வெள்ளிக்கிழமை பிரேக் நின்றதைச் சொல்லாமல் விட்டீர்களே, அதற்கு உண்டு. இரண்டு வாரம் யாரும் பலகையைத் தொடக் கூடாது. அவரவர் வீட்டில் அவரவரே நடந்ததைச் சொல்லுங்கள். பிறகு நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் வரிசையாக ஒரு நோட்டில் எழுதுங்கள். யார் குற்றம் என்று எழுத வேண்டாம். எது எப்போது நடந்தது என்று எழுதுங்கள்."

வீடுகளில் நடந்தவற்றை விரிக்கப் போவதில்லை. மெக்கானிக்கின் அப்பா மட்டும் ஒன்று சொன்னார். "என் பட்டறைக்கு வர்ற வண்டியெல்லாம் முதல் நாளே ஏதோ சத்தம் குடுத்திருக்கும். கேட்டவன் தப்பிப்பான்."

நோட்டு நிரம்பியதும் சிஸ்டர் கோயம்புத்தூர் அக்காவிடம் தொலைபேசியில் அதைப் படித்துக் காட்டினார்கள். அக்கா ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள். "இரண்டு நாளும் கலத்தை முழுக்க மின்னேற்றியிருந்தீர்களா?"

ஆம்! இரண்டு நாளும் 42 வோல்ட்!

விடை அதில் இருந்தது. எங்கள் பிரேக், ஓட்டத்தை மின்சாரமாக்கிக் கலத்துக்குள் தள்ளும் பிரேக். வெறும் குடத்தில் தண்ணீர் ஊற்றலாம். நிரம்பிய குடத்தில் எங்கே ஊற்றுவது? வோல்ட் எல்லையைத் தாண்டியது. கலத்தைக் காப்பாற்றுவதற்காகக் காவல் பலகை தன் கடமையைச் செய்தது, மின்சாரத்தைத் துண்டித்தது. மின்சாரம் போனதும் பிரேக்கும் போயிற்று. கலம் பிழைத்தது; கலத்தின் மேல் நின்றவள் விழுந்தாள். 20இல் ஓட்டிய நாட்களில் ஆற்றலும் குறைவு, கலமும் அந்த அளவுக்கு நிரம்பியிருந்ததில்லை. ஆகவே தெரியவில்லை. எந்த ஒயரும் லூஸாக இருக்கவில்லை.

"ஓடுவதற்கு நான்கு பக்கம் கணக்குப் போட்டீர்களே, நிற்பதற்கு எத்தனை பக்கம்?" என்று சிஸ்டர் கேட்டார்கள். ஒரு வரிகூட இல்லை. அன்றிரவு கணக்குப்புலி அதைப் போட்டாள். நிற்பவள் முன்னால் தூக்கியெறியப்படாதபடி பிரேக் பிடித்தால், நொடிக்கு நொடி வேகம் 2 மீட்டர் என்ற அளவில் குறையும் என்று வைத்துக்கொண்டாள். 20 கிலோமீட்டர் வேகத்தில் நிற்க ஏறத்தாழ 8 மீட்டர் வேண்டும். 40இல் 31 மீட்டர்! வேகம் இரண்டு மடங்கானால் நிற்கும் தூரம் நான்கு மடங்கு. முன்பே பாடமாகப் படித்து மதிப்பெண் வாங்கிய சமன்பாடுதான் அது. கெபியின் படி நேராக வந்தபோதுதான் அது எங்களுக்குப் புரிந்தது.

கிறிஸ்துமஸ் இரவில் சிட்டு முதல் வரிசையில் அமர்ந்திருந்தாள். பக்கத்துப் பங்கிலிருந்து வந்த ஓர் அண்ணன் வாசித்தார். ஒவ்வொரு பாட்டுக்கும் அவள் வலது கைவிரல்கள் மடியில் அசைந்துகொண்டிருந்தன. அருகில் அமர்ந்திருந்த எங்களுக்குக் குழந்தை இயேசுவை நிமிர்ந்து பார்க்கவும் கூச்சமாக இருந்தது.

விடுமுறையில் சிஸ்டர் மேற்பார்வையில் பலகையைத் திருத்தினோம். ஓட்டத்திலும் பிரேக்கிலும் மின்சாரம் காவல் பலகையின் வழியே போகாமல் தனி ஃபியூஸ் வழியே போகும்படி அக்கா சொன்ன முறையில் மாற்றினோம். மின்னேற்றும்போது மட்டும் அது காவல் செய்யும். கலம் வற்றிப் போகாமல் பார்க்கும் பொறுப்பை வெஸ்க்கிடம் ஒப்படைத்தோம். கலத்தை 40 வோல்ட்டுக்கு மேல் நிரப்பாமல் இடம் விட்டு வைத்தோம். வேகம் 20இல் நின்றது. பிறகு சோதனை. ஆள் ஏறவில்லை, மணல் நிரப்பிய 40 கிலோ அரிசிச் சாக்கு ஏறியது! கயிற்றால் கட்டி, ரிமோட்டால் ஓட்டி, 25 தடவை நிறுத்திப் பார்த்தோம். ஒவ்வொரு தடவையும் நாடா பிடித்து அளந்து எழுதினோம். 8 மீட்டருக்கும் 9 மீட்டருக்கும் இடையில் நின்றது. ஒரு தடவைகூட விளக்கு அணையவில்லை. இருபத்தைந்தும் முடிந்த பிறகு சிஸ்டர், "இனி நான் ஏறட்டுமா?" என்று கேட்டார்களே பார்க்கலாம்! விடுதியே அதிர்ந்தது. அவர்கள் ஏறவில்லை என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக் கொள்கிறோம்.

ஜனவரியில் கண்காட்சி. எங்கள் அட்டையில் முதல் தலைப்பு என்ன தெரியுமா? 'எங்கே தவறினோம்.' சிஸ்டர் வற்புறுத்தவில்லை. நாங்களே அதை மேலே எழுதினோம். வேகக் கணக்கு நான்காவதாக வந்தது. மாவுக்கட்டு அவிழ்த்த கையோடு சிட்டுவே விளக்கினாள். வீட்டில் மின்ஸ்கூட்டர் வைத்திருக்கும் அப்பாக்கள் பலர் நின்று கேட்டார்கள். ஒருவர் தம் மகளிடம், "இதை வீட்டுக்குப் போய் அம்மாவிடமும் சொல்லு" என்றார். பரிசு மண்ணில்லாமல் கீரை வளர்த்த ஒன்பதாம் வகுப்புத் தங்கைகளுக்குப் போயிற்று. கீரை நிஜமாகவே நன்றாக இருந்தது.

மாலையில் சிட்டுவின் அம்மா வந்தார்கள். திருநாளுக்குக் கட்டும் நீலப் புடவை. அட்டையை எழுத்தெழுத்தாகக் கூட்டிப் படித்தார்கள். 'சொல்லாமல் விட்டோம்' என்ற வரியில் விரல் நின்றது. நாங்கள் ஐவரும் சேர்த்து வைத்திருந்த 1,100 ரூபாயை ஓர் உறையில் போட்டு நீட்டினோம், போன கூலிக்காக. அவர்கள் வாங்கவில்லை. எங்கள் கையை மடக்கிப் பிடித்துக்கொண்டார்கள்.

"ரூவா வேண்டாம் மக்களே. எங்க ஆபீஸ்ல அண்டி எண்ண கையில தெறிச்சா உடனே சாம்பல் தடவணும். மறைச்சு வச்சா புண்ணாப் போவும். இனி எது தெறிச்சாலும் எங்ககிட்ட முதல்ல சொல்லுங்க. நாங்க திட்டுவோம், ஆனா சாம்பலும் எங்ககிட்டதான இருக்கு."

பலகை இப்போது ஆய்வக அலமாரியில் இருக்கிறது. சாவி மறுபடி எங்களிடமே வந்துவிட்டது. வாரம் ஒருமுறை சிஸ்டர் முன்னிலையில் மைதானத்தில் ஓடும். மணி அடித்ததும் நிற்கும். அந்த 1,100 ரூபாய்க்கு இரண்டாவது தலைக்கவசம் ஒன்று வாங்கினோம். கீறல் விழுந்த பழைய கவசத்தைத் தூக்கி எறியவில்லை. பலகைக்கு மேல்தட்டில் வைத்திருக்கிறோம். இனி வரும் தங்கைகள் கேட்டால் கதை சொல்ல வேண்டும் அல்லவா?



பதினோராம் வகுப்பு அறிவியல் பிரிவு மாணவியர் ஐவர்